இருபத்தாறாம் பட்டியின் காதுகள்

சொல்ல வேண்டியதை வெல்டா ஷ்ராக் வண்டி ஓட்டிக்கொண்டே ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"ஹேலி, இருபத்தஞ்சாம் பட்டியக் கணக்குல சேக்காதீங்க. அக்டோபர்ல அதுக்குக் குளிகைய மாத்திப் போட்டுட்டேன்."

அவ்வளவுதான். ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும். ஆனால் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் பதினெட்டு மைலில் ஒருமுறைகூட அது ஒரே மாதிரி வாயில் வரவில்லை. ஒருதரம் 'போட்டுட்டேன்' என்று வந்தது. இன்னொருதரம் 'போட்டுட்டேன்னு நெனைக்கிறேன்' என்று வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் மூன்று மாதமாகக் குடியிருந்தாள்.

வண்டியை நிறுத்தியபோது தீவன மில்லிலிருந்து ஆவியில் வேகும் மக்காச்சோளத்தின் வாடை வந்தது. மேற்குக் கான்சஸின் ஜனவரிக் காற்று கண்ணிலிருந்து தண்ணீரை வரவழைத்தது. இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கும் முப்பதாயிரம் மாடுகள் நிற்கும் இடம். இருபத்திரண்டு வருடமாக இங்கே வந்து இறங்கும் மாடுகளின் காதில் ஹார்மோன் குளிகை வைப்பவள் வெல்டா. அரிசிமணி அளவில் எட்டுக் குளிகைகள், காதின் பின்புறத் தோலுக்கடியில் வரிசையாக உட்காரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உடம்பில் சதையை ஏற்றும். ஊசித் துப்பாக்கியைத் தோலுக்குள் செலுத்தி, விசையை அழுத்தியபடியே பின்னுக்கு இழுக்க வேண்டும். கை ஒரு நொடி முந்தினால் குளிகைகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்துவிடும். அவள் கை முந்துவதில்லை என்பது அக்கம்பக்கத்து மாட்டுப் பண்ணைகளிலெல்லாம் தெரிந்த விஷயம்.

இந்த வருடம் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. இரண்டு வகைக் குளிகைகளில் எது மேல் என்று பார்க்கும் சோதனை. ஒன்றுக்கு மஞ்சள் என்று பெயர், மற்றதற்குப் பச்சை. மஞ்சளுக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. மெல்லக் கரைந்து இருநூறு நாள் தாங்கும், ஒருமுறை போட்டால் போதும். பச்சை மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும், மறுபடி ஒருமுறை போட வேண்டும். ஒரு தடவை மஞ்சளா, இரண்டு தடவை பச்சையா? இருபத்தொன்று முதல் இருபத்தெட்டு வரை எட்டுப் பட்டிகள், பட்டிக்கு அறுபது காளைகள். ஒற்றைப்படை எண்கள் மஞ்சள், இரட்டைப்படை பச்சை. எந்தக் கம்பெனியின் சரக்கு எது என்று தெரிந்தால் வேலை செய்பவர்களின் மனம் ஒரு பக்கம் சாயும் என்று தீவன ஆலோசகர் ஹேலி பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டிருந்தாள். இரண்டும் துப்பாக்கியில் மாட்டும், எழுத்தே இல்லாத ஒரே மாதிரிப் பட்டைகளில் வந்தன. ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கிகள். கைப்பிடியில் சுற்றிய நாடாவின் நிறம் ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த நாடாவில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அக்டோபரில், முதல் குளிகை போட்ட அன்று, காலையில் நான்கு பட்டிகள் பிசகில்லாமல் முடிந்தன. ஒவ்வொரு மாட்டுக்கும் பிறகு ஊசியைத் துடைத்து, துப்பாக்கியைக் கிருமிநாசினித் தட்டில் வைப்பது வழக்கம். மஞ்சள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் நாடா இரண்டும் பசை விட்டுத் தண்ணீரில் மிதந்தன. இடப்பக்கம் கிடந்ததற்கு மஞ்சள், வலப்பக்கம் கிடந்ததற்குப் பச்சை என்று புது நாடா சுற்றினாள். கையுறை மாற்றிக்கொண்டு வந்து இருபத்தைந்தாம் பட்டியை முடித்தாள். முடித்த பிறகுதான் கவனித்தாள்: தட்டின் உடைந்த மூலை எப்போதும் சுவர்ப்பக்கம் இருக்கும், இப்போது தன் வயிற்றுப் பக்கம் இருந்தது. யாரோ தண்ணீர் மாற்றும்போது தட்டைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இடப்பக்கம் கிடந்தது பச்சை.

யாருக்கும் தெரியாமல் நாடா இரண்டையும் உரித்து மாற்றிச் சுற்றினாள். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு சரியாகப் போயின. இருபத்தைந்து மட்டும் தவறு. மஞ்சள் பட்டிக்குப் பச்சை.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் வேலை போய்விடும் என்ற பயமில்லை என்று அவளுக்கே தெரியும். உடைந்த மூலையை உண்மையிலேயே பார்த்தாளா, பார்த்ததாக நினைத்துக்கொண்டாளா என்று அன்று மாலையே சந்தேகம் வந்துவிட்டது. அதைச் சொல்லப்போனால் கேட்பவர்கள் குளிகையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் வயது ஐம்பத்தெட்டு. அவளுடைய அம்மா ஐம்பத்தொன்பதில் சர்ச் சமையலறையில் ஒரே சூப்புக்கு மூன்று தரம் உப்புப் போட்டாள். அதற்கப்புறம் ஒன்பது வருடம் நடந்ததை வெல்டா நினைக்க விரும்பவில்லை. கணவன் டெல்மர் இருந்திருந்தால் 'நான் முன்னமாதிரி இருக்கேனா' என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். அவன் போய் நான்கு வருடமாகிறது. தனியாக இருப்பவளுக்குத் தன் மறதியை அளந்து பார்க்க இன்னொரு ஆள் இல்லை.

இன்று தப்ப முடியாது. முதல் குளிகை போட்டுத் தொண்ணூற்றைந்தாம் நாள். எல்லா மாடுகளும் மறுபடி இறுக்குக் கூண்டுக்கு வந்து, எடை பார்த்து, காது தடவி, பச்சைப் பட்டிகள் மட்டும் இரண்டாம் குளிகை வாங்கிப் போகும். அக்டோபரில் காலையில் போட்ட நான்கு பட்டிகள் நேற்றே முடிந்துவிட்டன. மதியம் போட்ட நான்கும் இன்று. இருபத்தைந்தின் காதுகளில் அவள் விரல் வழுவழுப்பைத்தான் காணும், பச்சை கரைந்து போயிருக்கும். அதைத் தடவிப் பார்த்த கையோடு சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். காது சாட்சி சொல்லிவிட்டால் 'நினைக்கிறேன்' என்ற சொல்லுக்கு வேலை இல்லை.

கொட்டகைக்குள் எலாதியோ ஏற்கெனவே வந்து கூண்டின் விசைகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது, மெக்சிகோவில் சிவாவா பக்கத்துக்காரன், பதினோரு வருடமாக அவளுடன் கூண்டில் நிற்பவன். ஹீட்டரின் தலையில் அவன் மனைவி கட்டிக் கொடுத்த புரிட்டோ ரொட்டிகள் காகிதத்தில் சுருண்டு சூடாகிக்கொண்டிருந்தன.

"வாங்க தோன்யா," என்றான். மூத்த பெண்களை அவன் ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். "மூஞ்சி என்ன, சர்ச்சுக்குப் போற மாதிரி இருக்கு?"

"குளிருதுப்பா."

"குளிரு ஒண்ணும் இல்ல. நேத்து இருபத்திரண்டாம் பட்டிக் காளை ஒருத்தன் எனக்கு முத்தம் குடுத்தான் பாருங்க, அந்த எச்சி இன்னும் தாடியில பனிக்கட்டியா தொங்குது. அதுதான் குளிரு."

எடைத் திரைக்குப் பின்னால் ஹேலி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வயது. கார்டன் சிட்டியிலிருந்து இரண்டு வாரத்துக்கொருமுறை வருபவள். பேச்சில் எப்போதும் மரியாதை, ஆனால் எண்கள் ஒத்துவராவிட்டால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டே இருப்பாள்.

"வெல்டா, நேத்து நாலு பட்டியும் நான் நெனச்ச மாதிரியே இருக்கு. பச்ச எடையில கொஞ்சம் முன்னால ஓடுது. மொத மூணு மாசம் அப்படித்தான் இருக்கணும். இன்னிக்கும் அப்படி வந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"பாக்கலாம்," என்றாள் வெல்டா.

இருபத்தைந்தின் முதல் காளை கூண்டுக்குள் வந்தது. எலாதியோ விசையை இழுத்ததும் பக்கப் பலகைகள் அதை அணைத்தன. வெல்டா வலக் காதைப் பிடித்துக் கட்டை விரலால் பின்புறத்தை மெல்ல வருடினாள்.

மணிமணியாக இருந்தது.

எண்ணிப் பார்த்தாள். எட்டும் தட்டுப்பட்டன. பாதி கரைந்து சிறுத்திருந்தாலும் ஒன்று பிசகாமல் அதனதன் இடத்தில் இருந்தன.

"சுத்தம்," என்று குரல் கொடுத்தாள். சீழ் இல்லை என்று அர்த்தம். ஹேலியின் தாளில் அந்த ஒரு கட்டம்தான் உண்டு, சுத்தமா, சீழா என்று.

இரண்டாவது காளை. மணிகள். மூன்றாவது. மணிகள். பத்தாவது காளை வந்தபோது அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தடவினாள். குளிரில் விரைத்த விரலுக்கும் அது மணியாகத்தான் இருந்தது. இருபத்தைந்தில் இருப்பது மஞ்சள். மஞ்சள் பட்டிக்கு மஞ்சள். தவறே நடக்கவில்லை.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தட்டின் உடைந்த மூலை திரும்பியிருந்ததை அவள் பார்த்திருந்தால் இந்தக் காதுகள் வழுவழுவென்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்க்கவில்லை. மூன்று மாதமாகக் கண்ணை மூடினால் வந்து நின்ற அந்த உடைந்த மூலை, அந்த நீலத் தட்டு, அதில் மிதந்த நாடாத் துண்டு எதுவும் நடந்ததில்லை. நடக்காத ஒன்றை இவ்வளவு துல்லியமாக யார் வரைந்து உள்ளே மாட்டியது? அம்மாவும் இப்படித்தான் சொல்வாள், அடுப்பை அணைத்ததை, அணைத்தபோது விரலில் சுட்டதைக்கூடச் சொல்வாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

அதைவிட மோசமான ஒன்று அறுபதாவது காளை வெளியேறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதலில் சுற்றியது சரி என்றால், அதற்குப் பிறகு அவள் 'திருத்தியது' தவறு. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. ஒரு பட்டி இல்லை, மூன்று.

"இருபத்தாறு வருது," என்றான் எலாதியோ. "பச்ச. துப்பாக்கிய எடுத்துக்குங்க தோன்யா."

இரண்டாம் குளிகைக்கான துப்பாக்கி கையில் இருந்தது. முதல் காளையின் வலக் காதைத் தடவினாள். பச்சையாக இருந்தால் கரைந்து போயிருக்க வேண்டும்.

மணிகள்.

ஊசித் தழும்பாக இருக்கலாம் என்று நினைத்தாள். சில காதுகளில் தோல் தடித்துப்போகும். போன மாதம் உறைபனி அடித்தது. கை தன்பாட்டில் இடக் காதைத் திருப்பி, துடைத்து, ஊசியைச் செலுத்தி, குளிகைகளை வைத்துவிட்டது. அடுத்த காளை. மறுபடி மணிகள், மறுபடி அந்தக் கை. மஞ்சளுக்கு மேல் பச்சை. இரட்டை மருந்து ஏறிய காளைகள் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்து, இளைத்தவனை நாள் முழுக்க விரட்டும். ஆனால் நிறுத்த வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். எதை வைத்துச் சொல்வது? காலையில் கொண்டுவந்த வாக்கியம் இப்போது பொய். புது வாக்கியம் அவளிடம் இல்லை.

பதினோராவது காளைக்குப் போட்டு முடித்தபோது அவள் கை நின்றது.

"ஏன் வெல்டா, பட்டை தீந்துடுச்சா?" ஹேலி திரையிலிருந்து தலையெடுக்காமல் கேட்டாள்.

"இல்ல. ஊசி மழுங்கின மாதிரி இருக்கு. அஞ்சு நிமிஷம் குடுங்க."

"எடுத்துக்குங்க. எனக்கும் ஒரு காப்பி குடிக்கணும். இந்தப் பட்டி என்னமோ பின்தங்குது, பச்ச மாதிரியே இல்ல." உதட்டைக் கடித்துக்கொண்டே ஹேலி அலுவலக அறைப் பக்கம் போனாள்.

பன்னிரண்டாவது காளை கூண்டுக்குள் நின்று பெருமூச்சு விட்டது.

"எலாதியோ, இங்க வா. இந்தக் காதத் தொட்டுப் பாரு."

"நான் என்னத்தக் கண்டேன்? அது உங்க டிபார்ட்மெண்ட்."

"தொட்டுப் பாருன்னு சொல்றேன்ல."

விசையைப் பூட்டிவிட்டு வந்து தொட்டான். மேலும் கீழும் வருடினான். முதலில் ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். மறுபடி வருடினான்.

"இது பச்சப் பட்டிதான?"

"ஆமா."

"இருபத்தஞ்சு எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு. எட்டும்."

எலாதியோ தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அந்தக் குளிரில் வேர்த்திருக்க வாய்ப்பில்லை. "தோன்யா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே. அன்னிக்கு நீங்க நாடா சுத்துனதுக்கப்புறம் மறுபடி அதத் தொட்டீங்களா?"

அவள் துப்பாக்கியைத் தட்டில் வைத்தாள்.

"ஏன் கேக்குறேன்னா," அவன் குரல் தாழ்ந்தது, "தண்ணி மாத்துனது நான்தான். தட்டத் திருப்பி வச்சிட்டேன். நீங்க இடது வலது பாத்து நாடா சுத்துறதப் பாத்தேன். ஆஹா மாறிப்போச்சேன்னு, நீங்க கையுறை எடுக்கப் போனப்போ நான் பிரிச்சு மாத்திச் சுத்திட்டேன். இருபத்தஞ்சுக்கு முன்னாடியே."

"திருப்பி வச்சிருந்துச்சா? ஒடஞ்ச மூலை என் பக்கமா?"

"ஆமா. வயித்துப் பக்கம். ஏன்?"

அப்படியானால் பார்த்திருக்கிறாள். மூலை இருந்தது, தட்டு இருந்தது, எல்லாம் இருந்தன. வெல்டா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் வருவதற்குள் அதன் பின்னாலேயே வேறொன்று வந்துவிட்டது.

"நானும் மாத்தினேன்," என்றாள். "இருபத்தஞ்சு முடிஞ்சதும்."

எலாதியோ கணக்குப் போடுவதுபோல் விரலை மடக்கினான். பிறகு அவன் தோள்கள் குலுங்கின. "அடக் கடவுளே. தப்பு ஒண்ணு, அதத் திருத்த ரெண்டு பேர். மாடே சிரிக்கும்." அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? அந்தம்மா அங்க உக்காந்திருந்துச்சு. நம்ம ஆளு ஒருத்தர் தப்புப் பண்ணா மேலிருக்கறவங்க காதுபட யாரு சொல்லுவா? கைய நீட்டிச் சரி பண்ணிட்டுப் போறதுதான். எப்பவும் அப்படித்தானே செய்யறோம்."

எப்பவும். அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். "எத்தன தடவ?"

"எது?"

"எனக்குப் பின்னால கைய நீட்டுனது."

"அதெல்லாம் யாரு எண்ணுவா தோன்யா."

"நீ எண்ணுவ."

அவன் காளையின் நெற்றியைச் சொறிந்துகொடுத்தான். "ஆகஸ்ட்ல தடுப்பூசிப் புட்டி ரெண்டு தரம். மொத நாளே முடிஞ்ச புட்டியத் திரும்ப மாட்டியிருந்தீங்க. பின்கதவு கொக்கி போடாம விட்டது மூணோ நாலோ. போன வாரம் காதுத் தோடு எண்ணு ஒண்ணு முன்னப்பின்ன. சின்னச் சின்னது."

சின்னச் சின்னது. வெல்டாவுக்குச் சர்ச் சமையலறை ஞாபகம் வந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் சூப்பில் தண்ணீரும் உருளைக்கிழங்கும் சேர்த்து உப்பைக் குறைத்தவள் வெல்டாதான். பொத்தான் மாறிப் போட்ட கோட்டை அணைப்பதுபோல் பிடித்துச் சரிசெய்தவளும் அவள்தான். ஒன்பது வருடம். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தெரியவிடாமல் காப்பாற்றிவிட்டோம் என்பதுதான் இன்றுவரை அவளுக்கிருந்த ஒரே பெருமை. அம்மா சில நாள் காரணமே இல்லாமல் அவளை உற்றுப் பார்ப்பாள். அந்தப் பார்வை நோயால் வருவது என்று டாக்டர் சொன்னார். வெல்டாவும் நம்பினாள். இப்போது எலாதியோவை அதே மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

"அதெல்லாம் வயசான மறதியா, இல்ல எல்லாரும் பண்றதா? உண்மையச் சொல்லு."

"எல்லாரும் பண்றதுதான். எனக்கு நீங்க பண்ணலையா? போன வருஷம் என் மருந்து சிரிஞ்சு ரெண்டு மில்லிக்குப் பதில் அஞ்சுல நின்னுச்சு. நீங்க சத்தமில்லாமத் திருகி வச்சீங்க. நான் ஓரக்கண்ணால பாத்தேன்."

வெல்டா யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் அப்படி ஒன்று நினைவில் இல்லை. செய்தது அற்பமானதால் மறந்ததா, மறந்ததால் அற்பமாகத் தெரிகிறதா? அல்லது அவளைத் தேற்றுவதற்காக இவன் இந்த நிமிஷம் உண்டாக்கியதா? எலாதியோவின் முகத்தில் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினோரு வருடமாகப் பார்க்கும் முகம்.

"இப்ப என்ன பண்றது?" என்றான். "என்னயக் கேட்டா, ஒண்ணும் பண்ண வேணாம். இருபத்தாறுல இதுக்கு மேல குளிகைய வைக்கிற மாதிரி பாவ்லா காட்டுங்க, விசைய அழுத்தாம. மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தம்மா கேட்டா எடை பின்தங்கினதுக்குக் குளிருன்னு சொல்லிக்கலாம்."

"அப்போ மஞ்சளா பச்சையாங்கிற பதிலு?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு வரும். வரட்டுமே. அந்தக் கம்பெனிக்காரனா நமக்குச் சோறு போடுறான்?"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது எவ்வளவு இதமாக இருந்தது என்பதும் அவளுக்குப் புரிந்தது. இதையும் மூடிவிடலாம். நாளை அவன் கையை நீட்டுவான், நாளை மறுநாளும் நீட்டுவான். தான் செய்வதில் எது தன்னுடையது, எது அவன் திருத்தியது என்று ஒருநாளும் தெரியாமலே அவள் நல்ல கைக்காரியாக ஓய்வுபெறுவாள்.

ஹேலி காப்பிக் கோப்பையுடன் வந்தாள்.

"ஊசி மாத்தியாச்சா?"

"ஊசிக்கு ஒண்ணும் இல்ல ஹேலி," என்றாள் வெல்டா. "இந்தப் பட்டியில மஞ்ச இருக்கு. அக்டோபர்ல நாடா மாறிப்போச்சு. நேத்துப் பாத்த நாலும், இப்பப் பாத்த இருபத்தஞ்சும் சரி. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு மூணும் தலைகீழ். இதுல பதினோரு காளைக்கு இப்ப ரெண்டாவதா பச்சையும் போட்டுட்டேன். போடும்போதே சந்தேகம் இருந்துச்சு. இருந்தும் போட்டேன்."

ஹேலி கோப்பையை வைத்தாள். "எப்படி மாறுச்சு?"

"நான் மொதல்ல தப்பாச் சுத்தினேன்."

"அத நான் சரியாக்கினேன்," என்றான் எலாதியோ, கூண்டின் மறுபக்கத்திலிருந்து. அவன் பேசுவான் என்று வெல்டா எதிர்பார்க்கவில்லை.

"அப்புறம் நான் அதச் சரியாக்கினேன்."

ஹேலி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலையா?"

கூண்டில் நின்ற காளை காலை உதறியது.

"மூணு மாசமா உங்களுக்குத் தெரியும்," என்றாள் ஹேலி.

"தெரியும்னும் சொல்ல முடியாது. தெரியாதுன்னும் சொல்ல முடியாது. நான் வேற பட்டி தப்புன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

ஹேலி உதட்டைக் கடித்தபடி திரையில் எதையோ மேலும் கீழும் ஓட்டினாள். கோபம் வரும் என்று வெல்டா காத்திருந்தாள். வந்தது கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. குரல் மட்டும் வறண்டிருந்தது. "பதினொண்ணக் கழிச்சிடலாம். மத்தத நாம சொல்றத வச்சு மாத்த முடியாது. ஒவ்வொரு காதாத் தடவிச் சொல்லணும். இருபத்தாறுல மிச்சம், அப்புறம் இருபத்தேழு, இருபத்தெட்டு. எது இருக்கு, எது கரைஞ்சிருக்குன்னு. எல்லாம் ஒரே மாதிரி வந்தா பட்டியோட நிறத்தத் தாள்ல மாத்திக்கலாம். தடவிச் சொல்ற அளவுக்கு இங்க வேற யாருக்குத் தெரியும்?"

வேறு யாருக்கும் தெரியாது. அது வெல்டாவுக்கு மரியாதையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"எலாதியோவும் தொடட்டும்," என்றாள். "நான் சொன்னப்புறம் அவனும் சொல்லணும். நான் சொன்னதையே சொல்லணும்னு இல்ல."

"நான் விசைக்காரன் தோன்யா."

"பின்னால கை நீட்டத் தெரிஞ்சவனுக்கு முன்னால வாயத் திறக்கத் தெரியாதா?"

அவன் காது மடல்கள் சிவந்தன. "சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"தெரியல. சொல்லிப் பாரு."

இருபத்தாறின் மிச்சக் காளைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் "இருக்கு" என்பாள், அவனும் "இருக்கு" என்பான். நாற்பத்தொன்பது முறையும் அப்படியே. ஒரே மாதிரி சொல்வதில் அவளுக்குச் சந்தேகம்தான். தன் குரலைக் கேட்டுவிட்டு அதன் பின்னாலேயே வருகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் காதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்தேழு வந்தது. மஞ்சள் என்று தாளில் எழுதிய பட்டி. முதல் காளையின் காதில் விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"இல்ல," என்றாள்.

"இல்ல," என்றான்.

இரண்டாவது, மூன்றாவது. இல்லை, இல்லை. ஹேலியின் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. நான்காவது காளை சிவப்பு, முகத்தில் வெள்ளைத் திட்டு. வெல்டா ஒருமுறை தடவினாள்.

"இல்ல."

எலாதியோ தொட்டான். விரல் ஓரிடத்தில் நின்றது. தொண்டையைச் செருமினான். எடைத் திரையின் பக்கம் ஒருமுறை பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணு தட்டுப்படுது," என்றான். எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னான். "அடியில. வேர்ப்பக்கமா."

வெல்டா மறுபடி தொட்டாள். அவன் சொன்ன இடத்தில் ஏதோ இருந்தது, மணியைவிடச் சிறியது. தழும்பாக இருக்கலாம். கரையாமல் தங்கிய கடைசித் துணுக்காக இருக்கலாம். பச்சையே சில உடம்பில் மெதுவாகக் கரையும். முதல்முறை தடவும்போது இது இருந்ததா? இருந்து அவள் தவறவிட்டாளா, அவன் சொன்னதால் இப்போது இருக்கிறதா? கண்ணை மூடி இன்னொருதரம் வருடினாள். இருந்தது. பிறகு இல்லாததுபோலவும் இருந்தது.

"என்ன போடட்டும்?" என்றாள் ஹேலி.

மாடு மூச்சு விட்டது. அதன் சூடு அவள் மணிக்கட்டில் பட்டது. பின்னால் எலாதியோ கையை நீட்டாமல் நின்றுகொண்டிருந்தான்.

"தெரியலன்னு போடுங்க."

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே வெல்டா."

"புதுசா ஒரு கட்டம் போட்டுக்குங்க," என்றாள் வெல்டா. "இன்னும் வரும்."

ஹேலி பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தாள். எலாதியோ விசையை விடுவித்தான். கதவு திறந்து சிவப்புக் காளை வெளியே ஓடியது, அடுத்தது உள்ளே வந்தது.